கருப்பை வாயைக் காக்கும் நுண்ணுயிர்கள்

மகளிர் நலப் பிரிவுக்கு வரும் பெண்களுள் பலர் தம் குறையைச் சொல்லத் தொடங்கும்போது பயன்படுத்தும் சொல் 'வெள்ளைபடுதல்'. சொல் ஒன்றுதான், அதற்குள் அடங்கியவை பல. மாதவிலக்குச் சுழற்சியின் நடுவே இயல்பாக வரும் தெளிந்த கசிவும் வெள்ளைபடுதலே. அரிப்புடன் வரும் பூஞ்சைத் தொற்றும், மீன் வாடையுடன் வரும் நுண்ணுயிர் மாற்றமும் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அரிதாக, கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதற் குறியும் அந்தச் சொல்லுக்குள் மறைந்திருக்கக்கூடும். 'உடற்சூடு' என்று எண்ணி வெந்தயமும் இளநீரும் உட்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்போர் உளர். உடலின் சத்தெல்லாம் அவ்வழியே கரைந்து போகிறது என்று அஞ்சி, உணவும் உறக்கமும் குறைந்து மெலிவோரும் உளர்.

இயல்பானதைக் கண்டு அஞ்சுவதும், அஞ்ச வேண்டியதை இயல்பென்று விட்டுவிடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு விளைவுகள் என்பது எங்கள் கருத்து. பெண்ணின் பிறப்புறுப்பினுள் என்ன வாழ்கிறது, அது கருப்பை வாயின் நலத்தோடு எவ்வாறு தொடர்புடையது என்பதை அறிந்தால் இரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம்.

பாலும் தயிரும்

காய்ச்சிய பாலை வெளியில் வைத்தால் ஒரு பகலுக்குள் கெட்டுவிடுகிறது. அதே பாலில் சிறிது உறை ஊற்றினால் தயிராகி மேலும் சில நாள் தாங்குகிறது. உறையில் உள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அப்புளிப்பில் பிற கிருமிகள் எளிதில் பெருக முடிவதில்லை. நலமுள்ள பெண்ணின் யோனிக் குழாயினுள்ளும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. பூப்பெய்திய பின் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், குழாயின் உட்சுவரிலுள்ள செல்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமிக்கச் செய்கிறது. அச்செல்கள் நாள்தோறும் உதிரும்போது அந்த மாவுப்பொருள் சிதைந்து சிறு சர்க்கரைகளாகிறது. லாக்டோபாசில்லஸ் எனப்படும் கோல் வடிவ நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. இதனால் அவ்விடத்தின் பி.எச். அளவு பொதுவாக 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. இந்த அளவுகோலில் எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடியது என்று பொருள். குருதியின் பி.எச். 7.4. சாதாரணச் சோப்புகள் 9-க்கும் மேலே நிற்பவை. இந்த எண்களைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவை தேவைப்படும்.

இந்தக் கோல் வடிவ நுண்ணுயிர்களை 1892-ஆம் ஆண்டிலேயே விவரித்தவர் ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாரைக் கொன்று வந்த காய்ச்சலின் காரணத்தைத் தேடிச் சென்றவர் அவர். அத்தேடலில் தீங்கு செய்யும் கிருமிகளோடு, அவற்றைத் தடுத்து நிற்கும் நுண்ணுயிரையும் கண்டார். நுண்ணுயிர் என்றாலே பகை என்று மருத்துவ உலகம் எண்ணிய காலத்தில் இது புதுமையான செய்தி.

மரபணு வரிசையை வாசிக்கும் கருவிகள் வந்த பின்னர் இந்த அறிவு விரிந்தது. அமெரிக்காவில் ழாக் ராவெல் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களின் நுண்ணுயிர்த் தொகுதிகள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டன. நான்கு வகைகளில் ஏதேனும் ஒரு லாக்டோபாசில்லஸ் இனம் மேலோங்கியிருந்தது: கிறிஸ்பேட்டஸ், கேசரி, இனர்ஸ், ஜென்செனியை என்பன அவற்றின் பெயர்கள். ஐந்தாவது வகையில் அவை குறைந்து, காற்றில்லா இடத்தில் வாழும் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருந்தன. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட பெண்கள் இந்தக் கலப்பு வகையைச் சேர்ந்தவர்கள்; அவர்களும் நலமாகவே இருந்தனர். ஆகவே கலப்பு வகை என்று ஓர் ஆய்வகத் தாள் சொன்ன மாத்திரத்தில் அதை நோயென்று கொள்வது சரியன்று.

லாக்டோபாசில்லஸ் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல என்பதும் தெரியவந்துள்ளது. கிறிஸ்பேட்டஸ் நிலையாகத் தங்குவது. லாக்டிக் அமிலத்தின் இரு வடிவங்களையும் அது சுரக்கிறது. இனர்ஸ் அமிலத்தின் ஒரு வடிவத்தையே சுரக்கும். சூழல் மாறும்போது பிற கிருமிகளுக்கு எளிதில் இடங்கொடுத்தும் விடும். வீட்டுக்குக் காவல் இருக்கிறது என்பதோடு, எத்தகைய காவல் என்பதும் முக்கியம் அல்லவா?

சமநிலை குலையும்போது

லாக்டோபாசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய கிருமிகள் பெருகும் நிலைக்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். மெல்லிய, சாம்பல் கலந்த வெண்ணிறக் கசிவும் மீன் வாடையும் இதன் குறிகள். உடலுறவுக்குப் பின்னும் மாதவிலக்கின்போதும் வாடை மிகும். விந்தும் குருதியும் புளிப்பற்றவை என்பதே அதற்குக் காரணம். அரிப்பு பெரும்பாலும் இராது. தயிர்த் திப்பி போன்ற கெட்டியான கசிவும் கடும் அரிப்பும் இருந்தால் அது காண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்க வாய்ப்புண்டு. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது அடிக்கடி வரும். பச்சை மஞ்சள் நிறமும் நுரையும் இருந்தால், உடலுறவின் வழியே பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்றை ஐயுறுகிறோம். இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடையில் கேட்டு வாங்கிய ஒரே மாத்திரை ஒருவருக்குக் குணம் தந்து மற்றவருக்குத் தராமல் போவது இதனாலேயே. நிறமும் வாடையும் ஐயத்தை எழுப்பத்தான் உதவும். முடிவு சொல்வதற்குச் சோதனை வேண்டும். பி.எச். தாளும் நுண்ணோக்கியும் இருந்தால் சில நிமிடங்களில் அது முடிந்துவிடும்.

பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் நன்கு வேலை செய்கின்றன. ஆனால் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் அது திரும்ப வருகிறது. கிருமிகள் சுவரின் மேல் பிசின் போன்றதொரு படலத்தை அமைத்துக்கொண்டு ஒட்டியிருப்பதும், மருந்துக்குப் பின் நல்ல நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறாமல் போவதும் இதற்குக் காரணங்கள். கணவரிடமிருந்து கிருமிகள் மீண்டும் வந்து சேர்வது இன்னொரு காரணம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை அளித்தபோது 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. துணைவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. இதுவரை பெண்ணின் குறையாக மட்டும் கருதப்பட்ட ஒன்று இருவருக்கும் பொதுவானது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அடிக்கடி திரும்பும் தொல்லை இருந்தால் கணவரையும் உடன் அழைத்து வரும்படி சொல்கிறோம். வருகிறவர் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருப்பை வாயுடன் உள்ள தொடர்பு

யோனிக் குழாயின் மேல் முனையில் கருப்பை வாய் உள்ளது. அங்கே இருவகைச் செல்கள் சந்திக்கின்றன: வெளிப்புறத்தில் பல அடுக்காக அமைந்த தட்டைச் செல்கள், உட்புறத்தில் ஒற்றை அடுக்காக நிற்கும் தூண் வடிவச் செல்கள். இவை கூடும் விளிம்பில் ஒருவகை மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அந்த விளிம்பில்தான். தொடக்கி வைப்பது எச்.பி.வி. என்னும் வைரஸ். அதன் பல வகைகளுள் 16, 18 ஆகிய இரண்டுமே ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் புற்றுக்குக் காரணமாகின்றன. இத்தொடர்பைக் கண்டறிந்த ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எச்.பி.வி. உடலுறவு கொள்ளும் ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பான்மையோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுகிறது. அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியவர்களிடம் அது தங்கிவிடுகிறது. தங்கியவர்களுள் சிலருக்கு முதலில் புற்றுக்கு முந்தைய மாற்றமும், பின்னர் புற்றும் தோன்றுகின்றன. பொதுவாக இதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு, குறிப்பாகச் சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு, 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

ஒரு பெண்ணின் உடல் வைரஸை வெளியேற்ற, மற்றொருத்தியின் உடலில் அது தங்கிவிடுவது ஏன்? புகையிலைப் பழக்கம், எதிர்ப்பாற்றல், வைரஸின் வகை ஆகியவற்றோடு நுண்ணுயிர்த் தொகுதியும் இப்போது ஒரு விடையாகப் பேசப்படுகிறது. பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையில் சுட்டுகின்றன. கிறிஸ்பேட்டஸ் மேலோங்கிய பெண்களிடம் எச்.பி.வி. தொற்று குறைவாகக் காணப்படுகிறது. கலப்பு வகையினரிடம் தொற்றும், அது நீடிப்பதும், முன்மாற்றங்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, நடுத்தர நிலை முன்மாற்றம் இருந்தும் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்ட இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. லாக்டோபாசில்லஸ் மேலோங்கியவர்களிடம் அம்மாற்றம் தானாகவே மறையும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இதன் இயக்கம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. கருப்பை வாயைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம் ஒரு வலை போன்றது. கலப்பு வகையைச் சேர்ந்த கிருமிகள் சில, அவ்வலையின் கண்ணிகளை அறுக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பும் தளர்கிறது. எச்.பி.வி.க்கு வேண்டியது நுண்ணிய கீறல் ஒன்றே; அதன் வழியே அடியடுக்குச் செல்களை அடைந்துவிட்டால் அது குடியேறிவிடும். நீடித்த அழற்சியும் அதற்குத் துணை செய்கிறது.

ஆயினும் ஒரு கவனம் தேவை. நுண்ணுயிர் மாற்றம் வைரஸுக்கு வழிவிடுகிறதா, வைரஸ் வந்த பின் நுண்ணுயிர்கள் மாறுகின்றனவா, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றனவா என்பது ஆய்வுலகில் இன்னும் முடியாத வாதம். பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ளவருக்குப் புற்றுநோய் வரும் என்று எவரேனும் சொன்னால் அது தவறு. கோடிக்கணக்கான பெண்களுக்கு அது வந்து போகிறது, எச்.பி.வி. இன்றி அதனால் மட்டும் கருப்பைவாய்ப் புற்றுநோய் தோன்றுவதில்லை.

கழுவுதலும் விற்பனையும்

மேலே கூறிய எண்களுக்கு இப்போது திரும்புகிறோம். 4-ஐ ஒட்டி நிற்கும் ஓர் இடத்தைச் சோப்பு நீரால் உள்ளே கழுவினால் என்ன ஆகும்? புளிப்பு குறையும், நல்ல நுண்ணுயிர்கள் கழுவிச் செல்லப்படும். உட்புறத்தைப் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாக்டீரியல் வஜைனோசிஸ் மிகுதி என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. வாடைக்காகக் கழுவுகிறார்கள்; கழுவுவதால் வாடை கூடுகிறது; மீண்டும் கழுவுகிறார்கள். டெட்டால், படிகார நீர், வினிகர், எலுமிச்சைச் சாறு, வாசனைத் திரவம் ஆகிய எதுவும் உள்ளே செல்ல வேண்டியதில்லை. தயிரையும் அப்படியே, நாங்கள் மேலே சொன்னது உவமைக்காகவே. தயிரில் வாழும் இனங்கள் வேறு, யோனியில் வாழும் இனங்கள் வேறு. வெளிப்புறத்தை நாளொன்றுக்கு ஒருமுறை வெற்று நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் போதும். உட்புறம் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக் கொள்ளும். இயல்பான கசிவு அந்தத் தூய்மைப் பணியின் ஒரு பகுதிதான்.

'புரோபயாட்டிக்' மாத்திரைகளைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். முறையாகச் சோதிக்கப்பட்ட ஒன்றைச் சொல்லலாம். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெட்ரோனிடசோல் சிகிச்சைக்குப் பின் கிறிஸ்பேட்டஸின் ஒரு குறிப்பிட்ட வகையை யோனியினுள் வைத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு 12 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. வெற்று மருந்து வைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. பயன் உண்டு, ஆனால் முழுமையன்று. கடைகளில் பல பெயர்களில் விற்கப்படுபவை இந்த மருந்து அல்ல. எச்.பி.வி.யை நீக்கும் என்றோ புற்றைத் தடுக்கும் என்றோ சொல்லி விற்கப்படும் எதையும் நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தனியே ஒரு சொல். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மாவுப்பொருள் குறைந்து, லாக்டோபாசில்லஸ் குறைந்து, புளிப்பும் குறைகிறது. வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை இதன் தொடர்ச்சி. 'இந்த வயதில் இதைப் போய்ச் சொல்வதா' என்று தயங்கும் தாய்மார் பலர். இதற்கு எளிய பூச்சு மருந்துகள் உண்டு. ஆனால் மாதவிலக்கு நின்ற பின் ஒரு துளி குருதி கண்டாலும் அதை வறட்சி என்று தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

பரிசோதனை

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். வளர்வதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நோய், அந்தக் காலம் முழுவதும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கும் நோய், இத்தனை உயிர்களைக் கொள்ளவேண்டிய தேவையே இல்லை. அதற்கான சான்று நம் மாநிலத்திலேயே உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஒரு பெரும் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலத்தை, அதாவது நீர்த்த வினிகரில் உள்ள அதே பொருளை, கருப்பை வாயில் தடவி வெண்மையாக மாறும் இடங்களை வெறுங்கண்ணால் பார்த்தனர். மாற்றம் கண்டவர்களுக்கு உடனுக்குடன் சிகிச்சை அளிக்கப்பட்டது. பரிசோதனை நடந்த ஊர்களில் புற்று தோன்றுவது 25 விழுக்காடும் அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. அமிலத்தைத் தடவுவது பயிற்சி பெற்றவர் செய்யும் சோதனை. வீட்டில் செய்து பார்ப்பதற்கு உரியது அன்று.

இந்தியாவின் வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வசதியுள்ள இடங்களில் எச்.பி.வி. பரிசோதனை இன்னும் நுட்பமானது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். தடுப்பூசியைப் பொறுத்தவரை, 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு அது மிகுந்த பயன் தரும். முன்பே குடிபுகுந்த வைரஸை அது வெளியேற்றாது. தடுப்பூசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தாரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். எச்.பி.வி. உள்ளது என்று முடிவு வந்தால் அது புற்றுநோய் அன்று. ஒழுக்கத்துக்கு எதிரான சான்றும் அன்று. வைரஸ் பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் உடலில் இருக்கக்கூடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. முடிவுத் தாளை வைத்து வீட்டில் விசாரணை நடக்கும் என்ற அச்சத்தால் பெண்கள் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகின்றனர். நோயை விட அந்த அச்சம் அவர்களுக்குப் பெருந்தீங்கு செய்கிறது.

உடலுறவுக்குப் பின் குருதி கசிதல், இரு மாதவிலக்குகளுக்கு இடையே குருதி படுதல், குருதி கலந்த துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ நீங்காத வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்காமல் உடனே வர வேண்டும்.

வழக்கமான பரிசோதனைக்கு வருவோர் மாதவிலக்கு முடிந்த பின் வருவது நல்லது. அதற்கு முந்தைய இரு நாள்கள் உடலுறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்கவும். வெறும் வயிற்றுடன் வர வேண்டியதில்லை. மயக்க மருந்தும் தேவையில்லை. சோதனை சில நிமிடங்களில் முடியும். சற்று அழுத்தம் தோன்றலாம், வலி பொதுவாக இராது. பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பரிசோதனை செய்த நாளும் முடிவும் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அதை எடுத்துச் செல்லவும்.